கொடைக்கானல் குளிர்ல பால் இல்லாத வாஃபிள்: எது சரியா வரலையோ அதை வச்சு காரணம் கண்டுபிடிக்கிறது

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல வாங்குன சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வர்றதுக்குள்ள பந்து மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும், மலையேறுற எல்லாரும் பார்த்திருப்பீங்க. உள்ள இருக்கிற காத்து அதேதான், வெளிய அமுக்குற காத்து குறைஞ்சுபோனதால அது விரியுது. இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு, வாஃபிள் (ரெண்டு சூடான தட்டுக்கு நடுவுல மாவை ஊத்தி மூடி குழி குழியா சுடுற பலகாரம்) மாவுக்குள்ள பேக்கிங் பவுடர் உண்டாக்குற குமிழிக்கும் இங்க அதே கதிதான்.

எங்க சின்னவனுக்கு பால் புரத அலர்ஜி. ரெண்டு வயசுல டாக்டர் சொன்னதுல இருந்து வீட்டுல அவனுக்கு பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் கிடையாது. காலையில அவன் ஆசையா கேக்குறது வாஃபிள் ஒண்ணுதான், திண்டுக்கல்ல இருந்த வரைக்கும் சோயா பால் ஊத்தி எண்ணெய் விட்டு அழகா சுட்டுக் குடுத்துட்டு இருந்தேன், மொறுமொறுன்னு வரும். கொடைக்கானலுக்கு வீடு மாறி வந்ததும் அதே அளவு, அதே மெஷின், அதே கை, ஆனா ஒண்ணுகூட உருப்படியா வரல. பார்க்கிறவங்க எல்லாம் "பால் வெண்ணெய் இல்லாம எப்படிம்மா வரும்"னு சொன்னாங்க. கீழ அதே பால் இல்லாத மாவுதானே நல்லா வந்துச்சு, அப்போ குத்தம் பால்ல இல்லையேன்னு எனக்கு உறைக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. அதுல இருந்து ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பார்த்து நான் கண்டுக்கிட்டது என்னன்னா, மலையில பால் இல்லாத வாஃபிள் கெட்டுப்போனா பத்துக்கு எட்டு தடவை காரணம் உயரம், குளிர், ஈரம், கரண்ட் இந்த நாலுல ஒண்ணு. பால் இல்லாததால வர்றதுன்னு பார்த்தா நிறம் ஒண்ணுதான் முக்கியமா, அதுக்கும் வழி இருக்கு.

கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர். இங்க காத்தழுத்தம் கடற்கரையில இருக்கிறதுல கிட்டத்தட்ட முக்கால் பங்குதான், தண்ணி 100 டிகிரிக்குப் பதிலா 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும். ஊட்டி இன்னும் கொஞ்சம் உசரம், 2,240 மீட்டர், அதனால அங்க இருக்கிறவங்களுக்கும் கீழ சொல்றது எல்லாம் அப்படியே பொருந்தும். குன்னூர், கோத்தகிரி 1,800 சொச்சம், அங்க மாத்தத்தை கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

முதல்ல என்னோட அளவைச் சொல்லிடறேன், அப்போதான் எது கூட எது கம்மின்னு பேச முடியும். கப்புன்னா 240 மில்லி. மைதா ஒன்றரை கப், அரிசி மாவோ கார்ன்ஃப்ளோரோ கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன் (திண்டுக்கல்ல ரெண்டு போட்டேன்), சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். தனியா ஒரு பாத்திரத்துல இனிப்பில்லாத சோயா பால் ஒன்றரை கப், அதோட இன்னும் ரெண்டு டேபிள்ஸ்பூன் மலைக்காக, வினிகர் ஒரு டீஸ்பூன், ரீஃபைண்ட் எண்ணெய் கால் கப்புக்கு கொஞ்சம் மேல, முட்டை ஒண்ணு. முட்டை சாப்பிடாதவங்க ஆளிவிதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூனை மூணு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சா வழுவழுன்னு வரும், அதை ஊத்துங்க. முட்டை பால் பொருளான்னு நிறைய பேர் கேக்குறாங்க, இல்ல, அது வேற. முட்டை அலர்ஜி தனியா இருந்தாதான் அதை விடணும். மாவு பதம் இட்லி மாவு மாதிரி இருக்கணும், தோசை மாவு அளவுக்கு ஓடக்கூடாது.

இனி ஒவ்வொண்ணா பார்ப்போம்.

மெஷின்ல பொங்கி வழியுது, திறந்தா சப்பையா அமுங்கிப் போகுது

மலைக்கு வந்த புதுசுல எல்லாருக்கும் இதுதான் வரும். சிப்ஸ் பாக்கெட் கதைதான், கீழ உண்டாகுற அதே காத்து இங்க கால் பங்கு கூடுதலா விரியுது, மாவு வெந்து இறுகுறதுக்கு முன்னாடியே குமிழி பெருசாகி உடைஞ்சிடுது, அப்புறம் தாங்கிப் பிடிக்க ஒண்ணும் இல்லாம உக்காந்துடுது. பார்க்க பவுடர் பத்தாத மாதிரியே இருக்கும், அதனால நம்ம கை தானா இன்னும் அரை ஸ்பூன் சேக்கும், இன்னும் மோசமாகும். நான் அதை மூணு தடவை பண்ணேன். கூட்டாதீங்க, குறைங்க. கீழ போடுறதுல கால் பங்கு குறைச்சு ஒரு தடவை சுட்டுப் பாருங்க, அப்பவும் அமுங்குச்சுன்னா இன்னும் ஒரு சிட்டிகை குறைங்க.

முட்டை வெள்ளைக்கருவை தனியா அடிச்சு சேக்குறவங்க, கூர்மையா குத்திட்டு நிக்கிற வரைக்கும் அடிக்காதீங்க. கரண்டியைத் தூக்குனா நுனி வளைஞ்சு விழுற பதத்துல நிறுத்திடுங்க, அதுக்கு மேல விரியறதுக்கு குமிழிக்கு இடம் வேணும்.

இன்னொரு சின்ன காரணம், மாவை ரொம்ப ஊத்திடறது. நடுவுல ஊத்தி குழி எல்லாம் முக்கால்வாசி மூடுற அளவு போதும், மிச்சத்தை அதுவே பரப்பிக்கும்.

வெளிய வெந்திருக்கு, உள்ள மாவு மாவா இருக்கு

மூணு காரணம். முதல் காரணம், அவசரம். மெஷின்ல பச்சை லைட் எரிஞ்சா ஆச்சுன்னு நினைச்சுக்கிறோம், அந்த லைட் தட்டு சூடான கணக்குதான் சொல்லும், மாவு வெந்த கணக்கு அதுக்குத் தெரியாது. ஆவியைப் பாருங்க. ஊத்துனதும் பக்கவாட்டுல புஸ்ஸுன்னு ஆவி வரும், அது அடங்கி லேசா வர்ற வரைக்கும் திறக்கவே கூடாது. பெட்டியோட வந்த புத்தகத்துல நாலு நிமிஷம்னு போட்டிருந்தா எங்க வீட்டுல ஆறு ஆகுது, மார்கழி காலையில ஏழுகூட ஆகியிருக்கு.

ரெண்டாவது, மாவே ஜில்லுன்னு இருக்கிறது. டிசம்பர் ஜனவரியில இங்க விடியக்காலையில பத்து டிகிரிக்கும் கீழ போயிடும், ராத்திரி மேடையில வச்ச சோயா பால் காலையில ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த மாதிரிதான் இருக்கும், அதை அப்படியே கலக்கி ஊத்துனா தட்டோட சூடு எல்லாம் அந்தக் குளிரை எடுக்கவே போயிடும். பாலை வெதுவெதுப்பா, விரலை விட்டா இதமா இருக்கிற அளவுக்கு மட்டும் சூடு பண்ணிட்டு கலக்குங்க. முட்டையையும் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில போட்டு எடுத்தா நல்லது.

மூணாவது வாழைப்பழம். மலைவாழை போட்டா வாசனை அப்படி இருக்கும், பழனி மலைச் சரிவுல விளையுற விருப்பாச்சி பழத்துக்கு ஈடு கிடையாது, ஆனா ரெண்டு மூணு பழம் மசிச்சுப் போட்டுட்டு பால் அளவைக் குறைக்கலைன்னா உள்ள களி மாதிரி ஆயிடும். ஒரு சின்ன பழத்துக்கு ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் பாலைக் குறைங்க. வீட்டுல அரைச்ச ஓட்ஸ் பால்லயும் இதே தொந்தரவு உண்டு, சூடு பட்டா அது கஞ்சி மாதிரி கொழகொழப்பாகும், வாஃபிளுக்கு நான் அதை சேக்குறதே இல்ல.

மெஷின் சூடே ஏறல

மெஷின் ரிப்பேருன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி வோல்டேஜ் பாருங்க. வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா சூடும் கொஞ்சம்தான் குறையும்னு நினைப்போம், அப்படி இல்ல, வோல்டேஜோட வர்க்கக் கணக்குல குறையும். 230 வோல்ட்டுக்கு செஞ்ச மெஷினுக்கு 180 வந்துச்சுன்னா அது குடுக்கிற சூடு அறுபது சதவீதம்தான், ஆயிரம் வாட் மெஷின் அறுநூறு வாட் மெஷின் ஆயிடுது. வாஃபிளுக்கு அது பத்தாது, தட்டு மாவை வறுக்காது, அவிக்கும்.

காலையில ஆறரையில இருந்து எட்டு வரைக்கும் தெருவுல எல்லா வீட்டுலயும் கீசர், ரூம் ஹீட்டர், கெட்டில் ஓடிட்டு இருக்கும். நான் பண்றது என்னன்னா எங்க வீட்டு கீசரை அணைச்சுட்டுதான் வாஃபிள் மெஷினைப் போடுவேன், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர்ல மாட்ட மாட்டேன், நேரா சுவத்து பிளக்ல மாட்டி லைட் வந்ததுக்கு அப்புறமும் இன்னும் அஞ்சு நிமிஷம் காலியா சூடேற விடுவேன். ஒவ்வொரு வாஃபிள் எடுத்ததும் மூடி வச்சு ஒரு நிமிஷம் விட்டுட்டு அடுத்ததை ஊத்துவேன். ஃப்ரிட்ஜுக்கு வாங்குன ஸ்டெபிலைசர்ல இதை மாட்டாதீங்க, அது தாங்குற அளவைப் படிக்காம மாட்டுறது ஆபத்து.

கரண்ட் இந்த அளவுக்கு மோசமா இருக்கிற இடத்துல கேஸ் அடுப்புல வச்சு திருப்பிப் போடுற இரும்பு வாஃபிள் அச்சுதான் நல்லது. ரெண்டு பக்கமும் நல்லா காய வச்சு, எண்ணெய் தடவி, ஊத்தி மூடி, ஒவ்வொரு பக்கமும் ரெண்டரை மூணு நிமிஷம். எங்க பக்கத்து வீட்டு அக்கா அதுலதான் சுடுறாங்க, என்னுதை விட அவங்களுது மொறுமொறுப்பு.

திறந்தா ரெண்டா பிளந்துக்கிட்டு மேலயும் கீழயும் ஒட்டிக்குது

சீக்கிரம் திறந்தா பிளக்கும், அது ஏற்கனவே சொன்னதுதான். மூடியை லேசா தூக்கிப் பாருங்க, பிடிச்சு இழுத்தா விட்டுடுங்க, இன்னும் ஒரு நிமிஷம். வெந்த வாஃபிள் தானா தட்டை விடும், தோசை ஓரம் தூக்கிட்டு வர்ற மாதிரி.

வெந்தும் ஒட்டுச்சுன்னா மாவுல கொழுப்பு பத்தல. வெண்ணெய் போடுற குறிப்புகள்ல முட்டை மஞ்சக்கருவும் வெண்ணெயும் சேர்ந்து நிறைய கொழுப்பு இருக்கும், நாம பால் இல்லாம பண்றோம்னு வெண்ணெயை எடுத்துட்டு அந்த இடத்துல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் மட்டும் விடுறோம், அப்போ கண்டிப்பா ஒட்டும். வெண்ணெய் எவ்வளவு சொல்லியிருக்கோ அதுல அஞ்சுல நாலு பங்கு எண்ணெய் ஊத்தணும், வெண்ணெய்ல மீதி தண்ணியும் பால் கசடும்தான்.

சர்க்கரை கூடுனாலும் ஒட்டும். கருப்பட்டி, நாட்டு வெல்லம் போடுறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், குழிக்குள்ள பாகு மாதிரி இறங்கி கருகிப் பிடிச்சுக்கும். வெல்லம் வேணும்னா பாகு காய்ச்சி மேல ஊத்திக்கலாம், மாவுக்குள்ள ஒன்றரை ரெண்டு டேபிள்ஸ்பூனுக்கு மேல இனிப்பு வேணாம்.

அப்புறம் டப்பாவுல வர்ற எண்ணெய் ஸ்ப்ரே. அதுல லெசித்தின் சேத்திருப்பாங்க, அது நான்ஸ்டிக் தட்டுல சுடச்சுட படிஞ்சு பழுப்பா பிசின் மாதிரி ஆயிடும், அதுக்கு மேல எது ஊத்துனாலும் ஒட்டும். பிரஷ்ல சாதா எண்ணெய் தொட்டு குழிகுழியா தடவுறதே போதும். கரண்டி, கத்தி எதையும் வச்சு சுரண்டக்கூடாது, மரக்குச்சியோ சிலிக்கான் கரண்டியோதான்.

நிறமே வரல, வெளுத்துப் போய் இருக்கு

இங்கதான் பால் இல்லாதது நிஜமாவே தெரியும். சூட்டுல பொன்னிறம் வர்றதுக்கு புரதமும் சர்க்கரையும் வேணும், மாட்டுப்பால்ல ரெண்டுமே இருக்கு. தேங்காய்ப் பால்லயும் பாதாம் பால்லயும் புரதம் ரொம்ப கம்மி, அதனால அதுல செஞ்சா வெந்தும் வெள்ளையாவே இருக்கும், வேகலையோன்னு நினைச்சு இன்னும் விட்டு காய வச்சிடுவோம். சோயா பால்ல புரதம் மாட்டுப்பால் அளவுக்கே கிட்டத்தட்ட இருக்கு, நான் அதையே பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் இதுதான். சோயா ஒத்துக்காதவங்க தேங்காய்ப் பால்ல பண்ணா சர்க்கரை ஒரு டீஸ்பூன் கூட்டிக்கோங்க, முட்டை சேக்குறவங்களா இருந்தா அதுவே பாதி நிறம் குடுத்துடும். வேர்க்கடலைப் பால் வீட்டுல அரைச்சு வடிகட்டி ஊத்துனா நிறம் நல்லா வருது, கடலை அலர்ஜி இல்லாத வீட்டுக்கு மட்டும்.

வினிகர் அதிகம் ஊத்துனாலும் வெளுக்கும், புளிப்பு கூடுனா நிறம் ஏறாது. எலுமிச்சை ஒரு மூடி முழுசா பிழியுறவங்களைப் பார்த்திருக்கேன், அவ்வளவு வேணாம். வெளுப்பு போகவே இல்லைன்னா ஒரே ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேத்துப் பாருங்க, சிட்டிகைக்கு மேல போனா சோப்பு வாடை வந்துடும்.

சோயா பால் திரிஞ்சு போச்சு

வினிகர் விட்டா சோயா பால் திரியத்தான் செய்யும், கெட்டுப்போகல. மோருக்குப் பதிலா அது, அப்படியே ஊத்துங்க. ஆனா வினிகர் விடாமலே பாக்கெட் திறக்கும்போதே திரிஞ்சு புளிச்ச வாடை அடிச்சா கொட்டிடுங்க.

மாவுல வெள்ளை வெள்ளையா கட்டி மிதக்குது

தேங்காய் எண்ணெய்தான். அது 24, 25 டிகிரிக்குக் கீழ உறையும், கொடைக்கானல்ல வருஷத்துல பாதி நாளைக்கு மேல பாட்டில்லயே மெழுகா நிக்கும். நாம சூடு பண்ணி உருக்கி ஊத்துவோம், ஜில்லுன்னு இருக்கிற சோயா பால்ல பட்டதும் மறுபடி உறைஞ்சு கட்டி கட்டியா பிரிஞ்சுடும், சுட்டா அந்தக் கட்டி இருந்த இடம் எல்லாம் எண்ணெய் ஊறி ஓட்டையா வரும், மத்த இடம் ஒட்டும். பாலை வெதுவெதுப்பாக்கிட்டு அப்புறம் எண்ணெயை ஊத்துனா கட்டியே வராது. ஏற்கனவே கட்டி விழுந்துடுச்சா, மாவுப் பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள்ள ரெண்டு நிமிஷம் வச்சு மெதுவா கிளறுங்க, கரைஞ்சிடும். இதெல்லாம் வேணாம்னா குளிர்காலத்துக்கு சூரியகாந்தி எண்ணெய், அது உறையாது. செக்கு கடலை எண்ணெய்ல பண்ணா நல்லா மொறுமொறுப்பா வரும், ஆனா வாசனை தூக்கலா இருக்கும், கார வாஃபிளுக்கு அது பிரமாதம், பழமும் தேனும் ஊத்தி சாப்பிடுறதுக்கு சரிப்படாது.

தேங்காய்ப் பால்லயும் இதே மாதிரி கொழுப்பு மேல தனியா உறைஞ்சு நிக்கும். முதல் பாலை மட்டும் ஊத்தாதீங்க, கனத்து எண்ணெய் வழியும், முதல் பால் பாதி ரெண்டாம் பால் பாதி கலந்து வெதுவெதுப்பாக்கி ஊத்துனா பதம் சரியா இருக்கும்.

கல்லு மாதிரி கனம், இல்ல ரப்பர் மாதிரி இழுக்குது

ரப்பர்னா கலக்குனது அதிகம். மைதாவை தண்ணி பட்டு கிளற கிளற இழுவை ஏறும், பரோட்டாவுக்கு அது வேணும், வாஃபிளுக்கு வேணாம். பத்து பன்னெண்டு சுத்து, மாவு நனைஞ்சா போதும், சின்னச் சின்ன கட்டி இருந்தா இருக்கட்டும். மிக்ஸியில போட்டு அடிக்கிறது கூடவே கூடாது.

கல்லுன்னா பேக்கிங் பவுடர் செத்துடுச்சு. இங்க மூட்டம் இறங்குற நாள்ல ஜன்னலைத் திறந்தா மேகமே அடுப்படிக்குள்ள வந்துடும், மூடி சரியா மூடாத டப்பாவுல அந்த ஈரம் பட்டு பவுடர் உள்ளயே கொஞ்சம் கொஞ்சமா வேலை பார்த்து முடிச்சிடும். அரை ஸ்பூன் எடுத்து சூடான தண்ணியில போடுங்க, சர்ர்ருன்னு நுரைச்சு எழுந்தா உயிர் இருக்கு, சோம்பலா ரெண்டு குமிழி விட்டா தூக்கிப் போட்டுடுங்க. பெரிய டப்பா மலிவுன்னு வாங்காம சின்ன டப்பா வாங்கி மூணு மாசத்துல முடிக்கிறது இங்க நல்லது. கலக்குன மாவையும் ரொம்ப நேரம் வைக்கக்கூடாது, எல்லாரும் எழுந்து பல்லு விளக்கி வந்ததுக்கு அப்புறம் கலக்குங்க.

மைதாவுக்கும் ஈரம் ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில டப்பாவுல இருக்கிற மாவே நனைஞ்ச மாதிரி இருக்கும், அப்போ அதே அளவு பால் ஊத்துனா தண்ணியா ஓடும், தை மாசத்துல காஞ்ச காத்து அடிக்கும்போது அதே அளவுக்கு கெட்டியா நிக்கும். அதனால பாலை ஒரேடியா ஊத்தாம கடைசி ரெண்டு மூணு டேபிள்ஸ்பூனை கையில வச்சுக்கிட்டு பதம் பார்த்து ஊத்துங்க.

சுட்டு வச்ச அஞ்சு நிமிஷத்துல நமத்துப் போகுது

இதுக்குத்தான் நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டுனேன். எடுக்கும்போது மொறுமொறுன்னு இருக்கும், சின்னவன் ஸ்வெட்டர் போட்டுட்டு வந்து உக்கார்றதுக்குள்ள துணி மாதிரி தொங்கும். நாம பண்ற தப்பு, எடுத்ததும் தட்டுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறது, இல்லைன்னா சூடு ஆறக்கூடாதுன்னு ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடுறது. வாஃபிளுக்குள்ள இன்னும் ஆவி இருக்கு, அது வெளிய போக வழியில்லாம ஜில் தட்டுல பட்டு தண்ணியாகி மறுபடி வாஃபிளுக்குள்ளயே போகுது. கம்பித் தட்டுல, அப்பளம் வடிய வைக்கிற சல்லடையில, எதுல ஆச்சும் கீழயும் காத்து போற மாதிரி தனித்தனியா வைங்க.

கம்பித் தட்டுல வச்சும் மூட்ட நாள்ல நமத்துப் போகும், வெளிக் காத்தே ஈரமா இருக்கே. அதுக்கு நான் பண்றது, பக்கத்து அடுப்புல தோசைக்கல்லை ரொம்ப சின்ன தீயில போட்டு அதுமேல கம்பித் தட்டை வச்சு அதுல வாஃபிளை நிறுத்துறது. ஓவன் இருக்கிறவங்க நூறு டிகிரியில கதவை லேசா திறந்து வச்சுக்கலாம்.

மாவுலயும் ஒரு வேலை இருக்கு. அந்தக் கால் கப் அரிசி மாவை விட்டுடாதீங்க, அது இழுவை இல்லாத மாவு, மைதாவோட இழுவையைக் குறைச்சு மேல்தோலை மொறுமொறுன்னு நிறுத்தும், தோசைக்கு அரிசி செய்யுற வேலைதான். எண்ணெயைக் குறைச்சாலும் சீக்கிரம் நமக்கும்.

பால் எதுவுமே சேக்கல, ஆனாலும் பிள்ளைக்கு அரிக்குது, உதடு தடிக்குது

இதை தயவுசெஞ்சு மேலோட்டமா படிச்சுட்டுப் போகாதீங்க. மூச்சு இளைப்பு, குரல் கம்முறது, உதடு நாக்கு வீங்குறது, பிள்ளை சோர்ந்து விழுறது, இதுல எது வந்தாலும் காரணம் தேடிட்டு உக்காராம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, மலைப்பாதையில நேரம் ஆகும்னு தெரியும், அதனாலதான் சொல்றேன், காத்திருக்காதீங்க.

காரணம் பெரும்பாலும் ஒளிஞ்சிருக்கிற பால். மார்ஜரின்ல பல பிராண்டுல மில்க் சாலிட்ஸ் சேத்திருப்பாங்க. கடையில விக்கிற வாஃபிள் மிக்ஸ், பேன்கேக் மிக்ஸ் நிறையத்துல பால் பவுடர் இருக்கும். நான்-டெய்ரி (non-dairy, பால் இல்லாதது)ன்னு பெரிய எழுத்துல போட்ட க்ரீமர், விப்பிங் க்ரீம்ல பின்னாடி சின்ன எழுத்துல சோடியம் கேசினேட்னு இருந்தா அது பால் புரதம்தான், முன்பக்கத்தை நம்பாம பின்பக்கம் படிங்க. கேசின் (casein), கேசினேட் (caseinate), வே (whey), மில்க் சாலிட்ஸ் (milk solids), பட்டர் ஆயில் (butter oil), இந்த வார்த்தைகளை போன்ல குறிச்சு வச்சுக்கோங்க. லாக்டோஸ் ஃப்ரீ பால் பால் செரிக்காதவங்களுக்குத்தான், அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அது சாதா பால் மாதிரியே ஆபத்து, ஆட்டுப்பாலும் அப்படித்தான், நெய்யிலயும் கொஞ்சம் புரதம் தங்கியிருக்கும்.

நம்ம ஊருல ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். இங்க தெருவுக்குத் தெரு விக்கிற வீட்டுச் சாக்லேட்டை உருக்கி வாஃபிள் மேல ஊத்த ஆசையா இருக்கும், அதுல பெரும்பாலும் பால் பவுடர் இருக்கு, டார்க்குன்னு சொல்றதும் அதே பாத்திரத்துல அதே கரண்டியில செஞ்சதா இருக்கலாம், கேட்டுட்டு வாங்குங்க. இன்னொண்ணு பழனி பஞ்சாமிர்தம். ஒரு தடவை எங்க மாமியார் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாசமா வாஃபிள் மேல ஒரு கரண்டி வச்சுக் குடுக்கப் போனாங்க, நான் ஓடிப்போய்த் தடுத்தேன், அவங்களுக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. "பழமும் வெல்லமும் தானேம்மா, சாமி பிரசாதம், பிள்ளைக்கு என்ன பண்ணப் போகுது"ன்னாங்க. "அத்தை, அதுல நெய் சேருது"ன்னு சொன்னதும்தான் கையை எடுத்தாங்க. இப்போ அவங்களே மலைவாழையை மசிச்சு, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, ஏலக்காய், மலைத்தேன் சேத்து நெய் இல்லாம அவனுக்குன்னு தனியா பிசைஞ்சு வைக்கிறாங்க. அந்த வாஃபிளை அவன் தட்டை வழிச்சு சாப்பிடுவான்.

அதே அத்தைதான் பட்டர் ஃப்ரூட்னு கேட்டதும் பதறினாங்க. பேர்ல மட்டும்தான் பட்டர், அது அவகாடோ, சுத்தமான பழம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்கு நடுவுல நல்லாவே விளையுது, தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துல டிகேடி 1னு ஒரு ரகமே வெளியிட்டிருக்காங்க. நல்லா பழுத்ததை உப்பும் ரெண்டு சொட்டு எலுமிச்சையும் விட்டு மசிச்சு சூடான வாஃபிள் மேல தடவுனா வெண்ணெய் இல்லைங்கிற நினைப்பே வராது.

மெஷினையும் பாருங்க. வெண்ணெய் தடவி வாஃபிள் சுட்ட மெஷின்ல குழி ஓரத்துலயும் கீல் இடுக்குலயும் அது தங்கியிருக்கும், துணியால துடைச்சா போகாது. பெரியவனுக்கு வெண்ணெய் வாஃபிள் வேணும்னு அடம் பிடிச்சப்போ நான் தனி மெஷின் வாங்கல, அவனுக்கும் சோயாதான்னு முடிவு பண்ணிட்டேன், இப்போ அவனுக்கும் அதுவே பிடிச்சுப்போச்சு.

இட்லி மாவுல ஊத்துனேன், சப்பையா இருக்கு

பால் இல்லாத வாஃபிளுக்கு மைதாவே வேணும்னு இல்ல, நல்லா புளிச்ச இட்லி மாவை ஊத்துனா அருமையா வரும், பேக்கிங் பவுடரே வேணாம். சப்பையா இருந்தா மாவு பொங்கலைன்னு அர்த்தம், இந்தக் குளிர்ல எட்டு மணி நேரத்துல பொங்காது, எங்க வீட்டுல பதினஞ்சு பதினாறு மணி நேரம் ஆகுது. சாயங்காலம் அரைக்காம மதியமே வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைச்சு, கையால கரைச்சு, பாத்திரத்தை கம்பளியில சுத்தி அடுப்படி மேடையில வச்சிடுவேன். காலையில ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் மாவுல கலந்துக்கணும், எண்ணெய் இல்லாம ஊத்துனா ஒட்டும், சர்க்கரை இல்லாம நிறம் வராது. மைதா வாஃபிளை விட ரெண்டு நிமிஷம் கூட விடுங்க. வெங்காயம், கேரட் துருவல், கறிவேப்பிலை போட்டா காரச் சட்னியோட போகும்.

மிச்சம் ஆனதை ஆற வச்சு ஃப்ரீசர்ல போட்டிருந்தா, வெளிய எடுத்து வச்சு இளக விடாம அப்படியே டோஸ்டர்லயோ காஞ்ச தோசைக்கல்லுலயோ போடுங்க, மூணு நாலு நிமிஷத்துல முதல் நாள் மாதிரி வந்துடும். மைக்ரோவேவ்ல மட்டும் வைக்காதீங்க, துணி மாதிரி ஆயிடும்.